ஜன்னல், ஜெண்டேலா, ஜனேலா: பினாங்கு – மலாக்கா நாட்குறிப்பு

நாள் 1, பினாங்கு

எங்கள் வீட்டுப் பரணில் ஒரு தகரப் பெட்டி கிடக்கிறது. மூடியில் வெள்ளை பெயின்ட்டில் தாத்தா பெயர், அதன் கீழே ‘நாகப்பட்டினம்’. ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போய் ஏழெட்டு வருஷம் ஒரு மளிகைக் கடையில் கணக்கெழுதிவிட்டு அதே கப்பலில் திரும்பி வந்தவர் அவர். கொண்டு வந்தது அந்தப் பெட்டி, நாலைந்து கைலி, அப்புறம் ஒரு சாப்பாட்டுப் பழக்கம். சாம்பார், கறிக்குழம்பு, மீன்குழம்பு எது இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரே சோற்றின் மேல் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுவார். பாட்டிக்கு அதைப் பார்க்கவே ஆகாது. "மலாயாவுல கெட்டுப்போன நாக்கு" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

ரஜூலா 1973-இல் ஓய்வு பெற்றது. பிறகு ஓடிய எம்.வி. சிதம்பரம் 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தக் கப்பல் வழியே நின்றுபோனது. நான் திருச்சியில் விமானம் ஏறி கோலாலம்பூரில் மாறி மத்தியானமே வந்து இறங்கிவிட்டேன். தாத்தா நாள்கணக்கில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்த தூரம்.

இராத்திரி முதல் வேலையாக நாசி கண்டார் கடை. ‘நாசி’ சோறு, ‘கண்டார்’ என்றால் தோளில் தூக்கும் காவடிக் கம்பு. ஒரு பக்கம் சோற்றுப் பானை, இன்னொரு பக்கம் குழம்புப் பானை என்று தோளில் தொங்கவிட்டுக்கொண்டு துறைமுகக் கூலிகளுக்கு விற்றுத் திரிந்த தமிழ் முஸ்லிம்களின் சாப்பாடு. இப்போது காவடி இல்லை, கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் பத்துப் பன்னிரண்டு தட்டு குழம்பு. பரிமாறுகிற பையனுக்கு இருபது வயதுதான் இருக்கும். சோற்றைத் தட்டில் கவிழ்த்தான், நான் கைகாட்டிய கணவாயை வைத்தான், வெண்டைக்காயை ஓரமாக வைத்தான். அப்புறம் கரண்டியை எடுத்து மீன்குழம்பில் ஒன்று, கோழியில் ஒன்று, மாட்டுக்கறியில் ஒன்று, கறுப்பாக மின்னிய சோயா மசாலா ஒன்றில் அரைக்கரண்டி என்று கை நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது.

"அக்கா, பஞ்சிர் போடவா?"

பஞ்சிர் என்றால் வெள்ளம். சோறே தெரியாமல் குழம்பு மிதக்க வேண்டும். போடு என்றேன். முதல் வாயில் எந்தக் குழம்பு எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை, எரிந்தது, இனித்தது, அடியில் ஒரு புளிப்பு. பாட்டி உயிரோடு இருந்திருந்தால் போன் போட்டுச் சொல்லியிருப்பேன், தாத்தா நாக்கு கெட்டுப்போகவில்லை, இங்கே அதுதான் முறை என்று.

நாள் 2, பினாங்கு

காலையில் விடுதி வாசலில் பெருக்கிக்கொண்டிருந்த அம்மா கேட்டார்: "பசியாறியாச்சா?" எனக்கு ஒரு நிமிடம் நாகூரில் நிற்கிற மாதிரி இருந்தது. எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் காலைச் சாப்பாட்டுக்குப் பசியாறுவது என்றுதான் சொல்வார்கள், என் வீட்டில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. இங்கே இந்து, கிறிஸ்தவர் என்று பார்க்காமல் எல்லாத் தமிழரும் பசியாறுகிறார்கள்.

இன்றைக்கு நடந்த தெரு ஒன்றுதான். ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங், பழைய பெயர் பிட் ஸ்ட்ரீட். ஒரு முனையில் ஆங்கிலேயர்களின் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம் (1818), கொஞ்சம் தள்ளி சீனர்களின் குவான் யின் கோயில், உள்ளே குறுக்குத் தெருவில் 1833-இல் கட்டிய மகா மாரியம்மன் கோயில், அதையும் தாண்டி 1801-இல் எழுந்த கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சுற்றுலாக்காரர்களுக்கு ‘நல்லிணக்கத் தெரு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். 2008-இல் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் சேர்ந்து யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய பிறகு இந்தப் பெயருக்கு இன்னும் மவுசு.

எனக்கு இந்த ‘நல்லிணக்கம்’ என்ற சொல் மேல் கொஞ்சம் சந்தேகம் உண்டு. பிரான்சிஸ் லைட் 1786-இல் இந்தத் தீவைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகப் பிடித்தபோது இதைச் சுங்கம் இல்லாத துறைமுகமாக்கினார். அதனால் கூட்டம் சேர்ந்தது. வந்தவர்களை இன்ன தெரு இன்னாருக்கு என்று பிரித்து உட்கார வைத்தார்கள், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு தலைவர், அவருக்குக் கப்பித்தான் என்று பட்டம். தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தானாக இருந்த காதர் முகைதீன்தான் பள்ளிவாசலைக் கட்டியவர். ஆக, பக்கத்துப் பக்கத்தில் கோயில் இருப்பது அன்பினால் மட்டும் வந்த ஏற்பாடு இல்லை, நிர்வாக வசதியும்தான். ஆட்களை இப்படிப் பெட்டி போட்டு வைத்த பிறகும் அவர்கள் எப்படிக் கலந்தார்கள் என்பதுதான் எனக்குச் சுவாரசியம்.

கெலிங் என்ற சொல்லைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கலிங்கத்திலிருந்து வந்தது, முன்பு தென்னிந்தியர் எல்லோருக்கும் பொதுப்பெயர். இன்றைக்கு ஒரு தமிழரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அடிதடி நடக்கும். பள்ளிவாசல் பெயரில் மட்டும் மரியாதையாக உட்கார்ந்திருக்கிறது.

சாயங்காலம் சூலியா தெருவில் நாகூர் தர்கா. பினாங்கில் ஒரு நாகூர் தர்கா! ஷாகுல் ஹமீது ஆண்டவர் அடக்கமாகியிருப்பது எங்கள் ஊருக்குப் பக்கத்தில், இங்கே இருப்பது அவர் நினைவுக்கு. கடலில் போகிறவர்களைக் காப்பாற்றுவார் என்ற நம்பிக்கை, ஆகவே கடல் தாண்டி வந்தவர்கள் முதலில் அவரைத்தான் கொண்டு வந்திருக்கிறார்கள். வாசலில் மல்லிகைச் சரம் விற்ற பாயிடம் நான் நாகப்பட்டினம் என்றதும் சரத்துக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

"கந்தூரிக்குப் போவீங்களா?" என்று கேட்டார்.

"சின்ன வயசுல தாத்தா தோள்ல உக்காந்து போயிருக்கேன்."

"இங்க கந்தூரின்னா கல்யாண விருந்து, சாவு விருந்து எல்லாமே கெண்டூரிதான். மலாய்க்காரங்க வீட்டுக் கெண்டூரிக்கு நான் நேத்துகூடப் போயிட்டு வந்தேன்."

பாரசீகத்தில் கிளம்பிய ஒரு சொல், எங்கள் ஊரில் கொடி ஏற்றும் திருவிழாவாகவும் இங்கே பந்தியாகவும் ஆகியிருக்கிறது. பாய் கையில் சரம் கட்டிக்கொண்டேதான் பேசினார், ஒரு முடிச்சுகூடப் பிசகவில்லை.

நாள் 3, பினாங்கு

மழை. ஹொக்கியன் (தென்சீனத்து மொழி ஒன்று) பேசும் சீன அம்மா ஒருவரின் கடையில் குடை வாங்கினேன். அவர் தன் மகளோடு சீனத்தில் பேசிக்கொண்டிருக்க, நடுநடுவே எனக்குக்கூடத் தெரிந்த மலாய் வார்த்தைகள் வந்து விழுந்தன. கேட்டதற்குச் சிரித்துக்கொண்டே விளக்கினார். பினாங்கு ஹொக்கியனில் காசுக்கு ‘லுய்’, சந்தைக்கு ‘பாசாட்’, பிடிக்கும் என்பதற்கு ‘சுக்கா’. எல்லாம் மலாயிலிருந்து எடுத்தது. சீனாவிலிருந்து வருகிற ஹொக்கியன்காரர்களுக்கு இது பாதி புரியாதாம்.

மலாயில் நம் பங்கும் குறைச்சலில்லை. கடை ‘கெடாய்’, கப்பல் ‘கப்பால்’, முதல் (வியாபாரத்தில் போடுகிற முதல்) ‘மோடால்’, கோயில் ‘குயில்’. எனக்குப் பிடித்தது ‘சுமா’. நம்முடைய சும்மாதான், அங்கே ‘வெறும், மட்டும்’ என்ற அர்த்தத்தில் ஓடுகிறது. சும்மா இருந்த சொல்லுக்கும் வேலை கொடுத்துவிட்டார்கள்.

மழை விட்டதும் பினாங்கு ஸ்ட்ரீட்டில் நகரத்தாரின் கிட்டங்கியைத் தேடிப் போனேன். கிட்டங்கி என்றால் செட்டியார்கள் வட்டித் தொழில் நடத்திய நீளமான கூடம். ஆளுக்கொரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, அதுதான் ஒரு கடை, இராத்திரி அங்கேயே பாய் விரித்துப் படுக்கை. இந்தக் கிடங்குதான் மலாயில் ‘குடாங்’, ஆங்கிலத்தில் ‘கோடவுன்’, பிறகு நம்மிடமே ‘குடோன்’ ஆகத் திரும்பி வந்தது. 1894-இல் காரைக்குடியில் செய்த வெள்ளி ரதத்தைக் கப்பலில் கொண்டு வந்தார்கள், இன்றும் தைப்பூசத்துக்கு அது இந்தத் தெருவிலிருந்துதான் தண்ணீர்மலை முருகன் கோயில் வரை போகிறது. வழியெல்லாம் ரதத்துக்கு முன்னால் மலைமலையாகத் தேங்காய் உடைப்பதில் சீனர்கள் நம்மை மிஞ்சிவிடுவார்களாம். ஆனால் கவனியுங்கள், இந்தச் செட்டியார்கள் மனைவி மக்களை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தவர்கள், மூன்று வருஷம் போலக் கணக்கு முடித்துத் திரும்பிப் போகிறவர்கள். மொழி, சாப்பாடு, பூசை எதுவும் பெரிதாக மாறவில்லை.

இது ஏன் முக்கியம் என்று சாயங்காலம் ஒரு டீக்கடையில் புரிந்தது. பக்கத்து மேசையில் இருந்த அங்கிள் ஆங்கிலமும் மலாயும் கலந்து பேச்சுக் கொடுத்தார். முகத்தைப் பார்த்தால் தென்காசியில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆள் மாதிரி இருக்கிறார், தமிழ் ஒரு வார்த்தை வராது. பிறப்புச் சான்றிதழில் ‘மலாய்’. தாத்தாவின் அப்பா கடலூர்ப் பக்கத்திலிருந்து தனியாக வந்து ஒரு மலாய்ப் பெண்ணைக் கட்டிக்கொண்டவராம். இப்படிப் பிறந்தவர்களுக்கு ஜாவி பெரானக்கான் என்று பெயர். ‘அனாக்’ என்றால் பிள்ளை, பெரானக்கான் இந்த மண்ணில் பிறந்தவர். 1876-இல் சிங்கப்பூரில் வந்த முதல் மலாய்ப் பத்திரிகைக்கே அந்தப் பெயர்தான், ‘ஜாவி பெரானக்கான்’. டீ போடுகிறவர்கள் கடையநல்லூர்க்காரர்கள், அவர்கள் குடும்பத்தோடு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள், வீட்டில் இன்றும் தமிழ்தான். மதம் இருவருக்கும் ஒன்று. கப்பலில் பெண்களும் ஏறினார்களா இல்லையா, அதில்தான் பாதை பிரிந்திருக்கிறது.

மலேசிய அரசியலமைப்பின் 160-ஆவது பிரிவு மலாய்க்காரர் யார் என்று சொல்கிறது: இஸ்லாத்தைப் பின்பற்றுகிறவர், வழக்கமாக மலாய் பேசுகிறவர், மலாய் வழக்கப்படி நடக்கிறவர். கூடவே, அவரோ பெற்றோரில் ஒருவரோ சுதந்திரத்துக்கு முன்பே இந்த நாட்டில் பிறந்திருக்க வேண்டும் என்பது போன்ற நிபந்தனை உண்டு, ஆனால் எந்த இனத்து இரத்தம் என்ற கேள்வி இல்லை. அதனால் அந்த அங்கிள் மலாய்க்காரர் ஆக முடிந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மலாக்காவில் வேறு ஒரு கதை வருகிறது.

நாள் 4, பேருந்து

எழுத ஒன்றுமில்லை. ஒன்பது மணி பஸ் பத்தரைக்கு வந்தது, குளிர்சாதனம் என்னைக் காயப்போட்ட கருவாடு மாதிரி விறைக்க வைத்தது, நேற்று வாங்கிய குடையை நிறுத்தத்தில் விட்டுவிட்டேன். ஈப்போ தாண்டினால் சுண்ணாம்புப் பாறைகள், அப்புறம் மணிக்கணக்காக எண்ணெய்ப் பனை. பனை வரும் முன்னால் இதில் பெரும்பகுதி கித்தாக் காடு. கித்தா என்பது ரப்பருக்கு இங்கேயுள்ள தமிழ், மலாய் ‘கெத்தா’விலிருந்து. சஞ்சிக்கூலிகளாகவும் (ஒப்பந்தக் கூலிகள்), ஆள் சேர்த்த கங்காணிகள் வழியாகவும் வந்த நம் ஆட்கள் வேலை செய்த காடு அது, அவர்கள் கதை தனி. மலாக்கா வந்து சேரும்போது இருட்டிவிட்டது.

நாள் 5, மலாக்கா

1400-ஐ ஒட்டி பரமேஸ்வரா என்ற இளவரசர் தொடங்கிய ஊர். 1511-இல் போர்ச்சுகீசியர், 1641-இல் டச்சுக்காரர், 1824 ஒப்பந்தத்தில் ஆங்கிலேயர். ஒரு நாகப்பட்டினத்துக்காரிக்கு இது பழகின வரிசை. எங்கள் ஊரிலும் முதலில் போர்ச்சுகீசியர், 1658-இல் டச்சு, 1781-இல் ஆங்கிலேயர். அதே ஆட்கள் அதே கப்பலில் இரண்டு பக்கமும் போய் வந்திருக்கிறார்கள்.

போர்ச்சுகீசிய மருந்தாளர் தொமே பிரெஸ், மலாக்கா சந்தையில் 84 மொழிகள் கேட்டதாக எழுதி வைத்தார். எண்ணிப் பார்த்தாரோ என்னவோ, ஆனால் வியாபாரிகளைக் கவனிக்க சுல்தான் நான்கு ஷாபந்தர்களை, அதாவது துறைமுக அதிகாரிகளை வைத்திருந்தார் என்பது உண்மை. குஜராத்திகளுக்கென்றே ஒருவர், தமிழருக்கும் வங்காளிகளுக்கும் பர்மாக்காரருக்கும் சேர்த்து ஒருவர், ஜாவா பக்கத்தாருக்கு ஒருவர், சீனர்களுக்கு ஒருவர். இத்தனை பேர் ஏன் இங்கே தங்கினார்கள் என்றால் காற்றினால்தான். வருவதற்கு ஒரு பருவக்காற்று, போவதற்கு எதிர்த்திசையில் வீசும் இன்னொரு பருவக்காற்று. நடுவில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். காத்திருக்கிற ஆம்பிளைக்குச் சோறு வேண்டும், வீடு வேண்டும், அப்புறம் என்ன, கல்யாணம்தான். வந்தது வியாபாரி என்றால், கலவையைச் செய்தது இந்த ஊர்ப் பெண். ஆனால் எந்தக் கணக்கேட்டிலும் அவள் பெயர் இல்லை.

ஆண்கள் பெயர் இருக்கிறது. நைனா சட்டு என்று போர்ச்சுகீசியர் எழுதிய இந்துத் தமிழ் வியாபாரி, 1511-க்கு முன்னாலேயே சிறைப்பட்ட போர்ச்சுகீசியருக்கு உதவியவர், பிறகு அவர்களிடம் பெண்டஹாரா என்ற பெரிய பதவியைப் பெற்றார். 1514-இல் பதவியைப் பிடுங்கி இன்னொருவருக்குக் கொடுத்தபோது தீ மூட்டி அதில் இறங்கிவிட்டார். காலையில் ஆற்றங்கரையில் உட்கார்ந்து இதை யோசித்துக்கொண்டிருந்தபோது, பிகாச்சு பொம்மைகளால் அலங்கரித்த ரிக்‌ஷா ஒன்று சினிமாப் பாட்டை அலறவிட்டுக்கொண்டு போனது.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரே வரிசையில் பொய்யாத விநாயகர் கோயில் (டச்சுக்காரர் கொடுத்த நிலத்தில் தைவநாயகம் செட்டி 1781-இல் கட்டியது), கம்போங் கிளிங் பள்ளிவாசல், செங் ஹூன் தெங் சீனக் கோயில். பள்ளிவாசல்தான் அள்ளிக்கொண்டு போனது. மினாரா சீனப் பகோடா மாதிரி, கூரை ஜாவா மாதிரி மூன்றடுக்கு, உள்ளே கிரேக்கத் தூண்கள், தொங்குவது விக்டோரியா காலத்துச் சரவிளக்கு. ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்க வேண்டியது, பார்த்தால் உறுத்தவே இல்லை.

பாபா – நியோன்யா அருங்காட்சியகத்துக்கும் போனேன். தென்சீனத்திலிருந்து வந்த வியாபாரிகளின் வாரிசுகள், ஆண் பாபா, பெண் நியோன்யா. முன்வாசல் குறுகல், உள்ளே போகப் போக வீடு முடியவே இல்லை, நடுவில் நம் முற்றம் போல வானம் பார்த்த இடம். சாமி சீனச் சாமி, கட்டுவது சாரமும் கெபாயா என்கிற நீளக்கைச் சட்டையும், பேசியது மலாய். சமையலில் புவா கெலுவாக் என்று ஒரு கொட்டை போடுவார்கள், பச்சையாகத் தின்றால் சயனைடு விஷம். சாம்பலில் புதைத்து, நாள்கணக்கில் ஊறவைத்து விஷத்தை எடுக்க வேண்டும். இந்தப் பக்குவம் சீனாவிலிருந்து கப்பலில் வந்ததாக இருக்க முடியாது, இந்தக் காட்டை அறிந்த யாரோ ஒரு பாட்டி மருமகளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

சாயங்காலம் உஜோங் பாசிரில் போர்ச்சுகீசியக் குடியிருப்பு. 1930களில் இரண்டு பாதிரியார்கள் முயன்று மீனவக் குடும்பங்களுக்கு வாங்கிக் கொடுத்த நிலம். கிறிஸ்தாங் என்பது அவர்கள் மொழிக்கும் பெயர், அவர்களுக்கும் பெயர். வலை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் பக்கத்தில் போய் நின்றேன். நான் தமிழ்நாடு என்றதும், தன் பாட்டியின் சமையலில் பாதி உங்கள் ஊர்ச் சரக்குதான் என்று சிரித்தார். அப்புறம் ஒரு விளையாட்டு தொடங்கியது. பக்கத்து வீட்டைக் காட்டி "ஜனேலா" என்றார். நான் "ஜன்னல்" என்றேன். "மலாயில் ஜெண்டேலா" என்று அவரே முடித்தார். "மேசா." "மேசை." "சாபி." நான் இடுப்பில் செருகியிருந்த விடுதிச் சாவியை எடுத்து ஆட்டினேன். "கடேரா" என்று தன் நாற்காலியைத் தட்டினார், எனக்குச் சட்டென்று வரவில்லை. பிறகுதான் இலங்கைத் தோழி எப்போதும் கதிரை என்பாளே என்று நினைவு வந்தது. சொன்னதும் வலையைக் கீழே போட்டுவிட்டுக் கை கொடுத்தார். கிளம்பும்போது "முத்து மெர்செ" என்றார், ரொம்ப நன்றி. எனக்கு அது கடைசிவரை முத்து என்று யாரையோ கூப்பிடுகிற மாதிரியே கேட்டது.

நாள் 6, மலாக்கா

இதற்காகத்தான் வந்தேன். கம்போங் செட்டி, காஜா பெராங்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். மலாக்கா செட்டிகள் வேறு, நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வேறு. பின்னவர்கள் ஆங்கிலேயர் காலத்தில் வந்தவர்கள். இவர்கள் சுல்தான் காலத்து வியாபாரிகளின் வழி, மலாய், சீன, ஜாவாப் பெண்களைக் கட்டிக்கொண்டு இங்கேயே நின்றுவிட்டவர்கள். பெயரில் பிள்ளை, நாயக்கர், படையாச்சி எல்லாம் உண்டு. வீட்டு மொழி மலாய். சாமி மட்டும் சிவனும் மாரியம்மனும், அதில் ஒரு நூல் இழை விலகவில்லை. 1822-இல் கட்டிய முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் டத்தோ சாச்சார். சாச்சார் என்றால் அம்மை நோய். நாம் நோய்க்கு அம்மனின் பெயர் வைத்தோம், அவர்கள் நோயின் பெயரை அம்மன் விழாவுக்கு வைத்திருக்கிறார்கள்.

கோயிலில் கல்லூரிப் பையன் ஒருவன் பழக்கமானான், தமிழ் நண்பர்களிடம் பழகி ஓரளவு தமிழ் பேசுகிறான். "அக்கா, என் நெனெக்கைப் பாக்குறீங்களா?" என்று வீட்டுக்குக் கூட்டிப் போனான். நெனெக் என்றால் பாட்டி. வாசலில் மாவிலைத் தோரணம், திண்ணை, விளக்கு வைக்க மாடம். எங்கள் பெரியம்மா வீட்டுக்குள் நுழைகிற மாதிரிதான் இருந்தது, உள்ளே இருந்து சாரமும் கெபாயாவும் கட்டிக்கொண்டு, நெற்றி நிறையத் திருநீறோடு அவர் வரும் வரைக்கும். நான் "வணக்கம் பாட்டி" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டார், அதோடு தமிழ் தீர்ந்தது. பேரன் நடுவில் உட்கார்ந்து மொழிபெயர்த்தான்.

அடுப்பில் பிண்டாங் கொதித்தது. ஈக்கான் பாராங், நம் ஊர் முள்ளுவாளை மாதிரி மீன், புளிப்பும் தேங்காய்ப்பாலும். நான் சமையலறை வாசலிலேயே நின்று பார்த்தேன். அம்மியில் பிளாச்சான் (இறால் கருவாட்டுக் கட்டி) வைத்து மிளகாயோடு நசுக்கினார். குழவியை உருட்டவில்லை, முன்னும் பின்னும் இழுத்தார், என் அம்மா தேங்காய் அரைக்கும்போது தோள் எப்படி ஆடுமோ அப்படியே ஆடியது. பிளாச்சான் வாசம் மூக்கைத் துளைக்க, மேலே அலமாரியில் சரஸ்வதி படம்.

பொங்கலுக்கு முந்தின நாள், நமக்குப் போகி, அவர்களுக்குப் பார்ச்சு. செத்துப்போனவர்களுக்கு வாழையிலை போட்டு அவரவருக்குப் பிடித்ததைப் படைப்பது. வருஷ நடுவில் பழக் காலத்தில் இன்னொரு பார்ச்சு, அதில் டுரியான், மங்குஸ்தான், ரம்புத்தான் எல்லாம் இலையில் ஏறும். போன மாதம்தான் முடிந்ததாம். "என் வீட்டுக்காரருக்கு டுரியான் ஆகாது, வாசமே பிடிக்காது, ஆனா அவர் அம்மாவுக்கு உயிர். ஒரே இலைல எப்படி வைக்கிறது? ரெண்டு மூலைல தள்ளித் தள்ளி வைப்பேன்" என்று சிரித்தார்.

பேரனுக்குப் பிறப்புச் சான்றிதழில் ‘இந்தியர்’. வழக்கமாக மலாய் பேசுகிறார்கள், உடையும் சாப்பாடும் பெரும்பாலும் மலாய் வழக்கம், முஸ்லிம் இல்லை என்ற ஒன்றினால் 160-ஆவது பிரிவு இவர்களுக்கு இல்லை. பினாங்கு அங்கிளின் கொள்ளுத்தாத்தாவைவிடப் பல தலைமுறை முந்தி வந்தவர்கள். "காலேஜ்ல தமிழ்ப் பசங்க, நீ என்னடா இந்தியன், தமிழ் தெரியாதான்னு கேப்பாங்க. மலாய்ப் பசங்க, நீ என்ன இவ்வளவு நல்லா மலாய் பேசுறேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்றது?" என்றான். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் படிவத்தில் கட்டம் போட்ட ஆள் மேல்தான் எனக்குக் கோபம்.

சாப்பிட்ட பிறகு பாட்டி உள்ளே போய் ஒரு நோட்டை எடுத்து வந்தார். பழைய கோடு போட்ட நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. தேவாரப் பாட்டுகள், ஆனால் எல்லாம் ரோமன் எழுத்தில். சின்ன வயதில் கோயிலில் கேட்டுக் கேட்டு அவருடைய அப்பா எழுதி வைத்ததாம். ஒன்றைப் பாடினார். உச்சரிப்பு கொஞ்சம் வளைந்து போனது, பண் போகவில்லை. பாடி முடித்து ஒரு சொல்லின் மேல் விரலை வைத்துப் பேரனிடம் ஏதோ கேட்டார். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"அக்கா, சிவன் தலைல எதுக்குச் சாவு இருக்குன்னு கேக்கிறாங்க."

எட்டிப் பார்த்தேன். எம், ஏ, டி, எச், ஐ. மதி. மலாயில் ‘மாத்தி’ என்றால் சாவு. அறுபது வருஷத்துக்கு மேலாக, இது நம் மலாய்ச் சொல் இல்லை என்று தெரிந்தும், ஒவ்வொரு தடவை பாடும்போதும் அந்த இடத்தில் ஒரு பயம் வருமாம். கேட்கலாம் என்றால் ஐயருக்கு அவசரம், அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார்.

நான் வெளியே கைகாட்டினேன், பட்டப்பகல், வானத்தில் ஒன்றும் இல்லை. விரலால் ஒரு பிறை வரைந்து என் தலைமேல் வைத்துக் காட்டினேன்.

"ஓ, புலான்!" என்றார். அப்படி ஒரு சத்தமான சிரிப்பு. பேரனை விட்டுப் பென்சில் எடுத்து வரச் சொன்னார். அப்பாவின் மை எழுத்துக்குப் பக்கத்தில், நடுங்கும் கையால், சின்னதாக எழுதிக்கொண்டார்: புலான். பிறகு அடுத்த பக்கத்தைத் திருப்பி, இன்னொரு சொல்லின் மேல் விரலை வைத்தார்.

அந்தச் சொல் எனக்கும் தெரியவில்லை. திருச்சியில் இருக்கும் பெரியப்பாவுக்குப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறேன், பதில் இன்னும் வரவில்லை. பாட்டி பிண்டாங்கை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறார், விமானத்தில் விடுவார்களா என்று தெரியாததால் இப்போது விடுதி அறையில் உட்கார்ந்து, கீழே வாங்கிய கோழிக்குழம்பையும் அதன் மேலேயே ஊற்றிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்.